ஆலத்தூர் நாட்டின் பேர்

டில்லி வரைக்கும் எங்கள் மேளம் கேட்டது என்று யாராவது பெருமையாக ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுவேன். கேட்டது வாஸ்தவம்தான், பொய் இல்லை. ஆனால் எதுவரைக்கும் கேட்டது என்று அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்த மீதிப் பேர் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கிறவர்கள் வீட்டில் யாரும் பெண்டாட்டியை இழக்கவில்லை.

நாங்கள் நாலு பேர், கொல்லிமலையில் குண்டூர் நாட்டில் ஒரே ஊர்க்காரர்கள். பாட்டு சென்றாயன். மேளம் நான், என் பேர் செங்கோடன். குழல் ராசப்பன். தாளம் மாதேஸ்வரன், அவனுக்கு அதைத் தவிர வேறு எதுவும் வராது. யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. கீழ்நாட்டில் அரிசிக்கு அலைந்தார்கள், ஆனாலும் கல்யாணங்கள் நிற்கவில்லை. முதலில் மலைக்குள்ளேயே வாசித்தோம். அப்புறம் அடிவாரத்தில் கூப்பிட்டார்கள். அப்புறம் சேந்தமங்கலம், நாமக்கல் என்று போனோம். எங்கள் மூன்று பேரையும் எழுப்பிவிட்டு வேறு மூன்று பேரை உட்கார வைத்தாலும் அது சென்றாயனின் மேளமாகத்தான் இருக்கும். குரல் அப்படி. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

அந்தப் பேர் வந்த வேகத்தில் அவன் வீடு போயிற்று. சாமை அறுப்புக்கு நிற்க வேண்டியவன் நாமக்கல்லில் யாரோ ஒருவர் வீட்டுப் பந்தலில் பாடிக்கொண்டிருந்தான். காட்டுப் பன்றி இறங்கிக் கொல்லை முழுவதையும் உழுதுவிட்டுப் போனது. அவன் பெண்டாட்டி பொன்னாயி ஒண்டியாகப் பரண்மேல் உட்கார்ந்து தகரத்தைத் தட்டித் தட்டிக் கை ஓய்ந்தாள். அவள் ஆலத்தூர் நாட்டுப் பெண். அவளுடைய அப்பா அர்த்தனாரி வந்தார். அழிந்த கொல்லையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் மலையில் இது நடக்கிறதுதான். பெண் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டால், புருஷன் போய்க் கேட்டு அழைத்து வரவேண்டும். பெண் வீட்டார் மனம் ஒப்பாமல், கல்யாணத்துக்கு வாங்கிய பரியத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், அதோடு முடிந்தது. அவளும் வேறு கல்யாணம் செய்துகொள்ளலாம், அவனும் செய்துகொள்ளலாம். யாரும் யாரையும் ஏசமாட்டார்கள். சென்றாயன் மூன்று தரமோ நாலு தரமோ போனான். போன ஒவ்வொரு தரமும் அர்த்தனாரி களி போட்டு, மொச்சைக் குழம்பு ஊற்றி, வயிறு நிறையத் தின்ன வைத்து, வெறும் கையோடு அனுப்பிவிட்டார். பொன்னாயி கதவுக்குப் பின்னால் நின்றிருந்ததாகச் சொல்வான். அவளுக்கு வர இஷ்டம் என்று அவன் நம்பினான். நானும் நம்பினேன்.

இந்தச் சமயத்தில்தான் ரேடியோ வந்தது. மலையடிவாரத்துக் காரவள்ளியில் வெள்ளியங்கிரிக் கவுண்டர் என்று ஒருவர். தோட்டம், கிணறு, இரண்டு ஜோடி மாடு என்று வசதியானவர். எங்கள் மிளகை வாங்குகிறவரும் அவர்தான். அவர் மகள் கல்யாணத்துக்கு வாசித்தோம். அந்தக் கல்யாணத்துக்குத் திருச்சியிலிருந்து கண்ணாடி போட்ட ஒருத்தர் வந்திருந்தார். ரேடியோவில் உத்தியோகமாம். சாப்பிட எழுந்து போனவர், சென்றாயன் பாட ஆரம்பித்ததும் இலையை விட்டுவிட்டுத் திரும்பி வந்து பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். நல்ல மனுஷர்தான். இன்றைக்கும் அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, அதுதான் இதில் இன்னும் கசப்பு.

அவர் சொன்ன விஷயம் இதுதான். டில்லியில் ஒரு நாள் சாயங்காலம் தேசத்தில் உள்ள மலைக்காரர்களின் பாட்டை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வைக்கப் போகிறார்கள். ஒவ்வொரு சீமையிலிருந்தும் ஒரு கூட்டம் தங்கள் ஊர் ரேடியோவில் உட்கார்ந்து பாடும். அது கம்பி வழியாக டில்லிக்குப் போய், அங்கிருந்து தேசம் முழுக்கக் கேட்கும். தமிழ்நாட்டுக்குப் பத்து நிமிஷம். கொல்லிமலை மேளம்தான் அதில் பாட வேண்டும்.

சென்றாயன் வீட்டுக்குக்கூட வரவில்லை. அப்படியே மலையேறி நேராக ஆலத்தூர் நாட்டுக்கு நடந்தான். நானும் கூடப் போனேன். அர்த்தனாரி களத்தில் கேழ்வரகுத் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் பங்காளிகள் நாலைந்து பேர்.

"மாமா, ரேடியோவுல பாடப் போறேனுங்க. தேசம் பூரா கேக்குமாம். இனிமே பொன்னாயிக்கு ஒரு கொறை வைக்க மாட்டேன். அனுப்பி வையுங்க."

அர்த்தனாரி கோலைக் கீழே போடவில்லை. "தேசம் பூரா கேக்குமா?"

"டில்லி வரைக்கும் கேக்குங்க."

"எங்க நாட்டுப் பேரும் கேக்குமா?"

"நாட்டழைப்பு இல்லாம நான் எங்கீங்க மாமா பாடியிருக்கேன்?"

அவர் பங்காளிகளைத் திரும்பிப் பார்த்தார். கேலியாகத்தான் ஆரம்பித்தார் என்று நினைக்கிறேன். ஆனால் சொல்லச் சொல்ல அந்த எண்ணம் அவருக்கே பிடித்துப் போய்விட்டது. "செரி, கேட்டுக்கங்கப்பா எல்லாரும். எங்க நாட்டுப் பேரு அந்தப் பொட்டியில வரட்டும். வந்தா, புள்ளைய நானே கூட்டியாந்து இவன் ஊட்டுல உடறேன். வல்லீன்னா பரியத்தைத் திருப்பிக் குடுத்துர்றேன். அப்பறம் இவன் இந்தப் பக்கம் களி திங்க வரக்கூடாது."

சென்றாயன் சிரித்துவிட்டான். இதைவிடச் சுலபமான பேச்சு உண்டா என்று அவனுக்குத் தோன்றியிருக்கும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

நாட்டழைப்பு என்றால் என்ன என்று கீழ்நாட்டுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் மலை பல நாடுகளாகப் பிரிந்தது. சபை கூடி மேளம் வைத்தால், எடுத்த எடுப்பில் பாட்டுக்குப் போகக் கூடாது. முதலில் ஒவ்வொரு நாட்டையும் பேர் சொல்லி, அதன் சாமியைச் சொல்லி, அதன் ஓடையைச் சொல்லி, விளைச்சலைச் சொல்லிக் கும்பிட வேண்டும். பேர் வந்ததும் மூன்று அடி அடிப்பேன். அந்த நாட்டுக்காரர்கள் எங்கே உட்கார்ந்திருந்தாலும் எழுந்து நின்று கைகூப்பி, சொல்லி முடிகிற வரைக்கும் நிற்பார்கள். இதற்கு ஒரு வரிசை உண்டு. அந்த வரிசையை யார் போட்டது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அதில் ஒரு பேரை முன்னே பின்னே மாற்றினால் தலை உருளும். திருவிழாவில் அப்படி மாற்றிப் பாடிய ஒருவனின் குடும்பத்தோடு இன்னும் யாரும் பெண் கொடுத்து எடுப்பதில்லை.

ஆலத்தூர் நாடு அந்த வரிசையில் கடைசி. யாராவது ஒருத்தர் கடைசியில் நிற்கத்தானே வேண்டும். ஆனால் கடைசி என்பது அவர்களுக்கு ஒரு காந்தல். அதை ஆற்றுவதற்காகவே ஆலத்தூருக்கு மட்டும் இரண்டு பங்கு புகழ் பாடுவது எங்கள் வழக்கம். சென்றாயன் அதில் தானாக இன்னும் நாலு அடி சேர்த்து வைத்திருந்தான், மாமனார் ஊர் ஆயிற்றே.

இன்னொரு வழக்கமும் உண்டு. நாட்டழைப்பைச் சபை இல்லாத இடத்தில் சும்மா பாடிப் பார்க்கக் கூடாது. ஆள் இல்லாத இடத்தில் நாடுகளைக் கூப்பிட்டால், எழுந்து நின்று பதில் கும்பிடு போட யாரும் இல்லை. அது நாட்டுக்குச் செய்கிற அவமரியாதை. வீட்டில் பழகும்போதுகூட நாங்கள் அதை விட்டுவிட்டுப் பாட்டைத்தான் பாடுவோம். இதை நாங்கள் யாருக்கும் எடுத்துச் சொல்வதில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றுவதும் இல்லை.

அதனால் ஒத்திகைக்கு என்று திருச்சிக்குக் கூப்பிட்டபோது, கண்ணாடிக்காரருக்கு முன்னால் பாட்டை மட்டும் பாடினோம். தினை விதைப்புப் பாட்டு. அவர் கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு கேட்டார். எட்டு நிமிஷம் வந்தது.

"பிரமாதம். இப்படியே பாடுங்க. ரெண்டு நிமிஷம் முன்னே பின்னே ஆனாலும் கவலையில்லே" என்றார்.

அந்த அறையில் அவர் ஒருத்தர்தான் இருந்தார். அவர் ஒருத்தர் சபை ஆகமாட்டார். ஆனால் நிஜமாகப் பாடுகிற அன்றைக்குத் தேசமே சபை. இதைவிடப் பெரிய சபை எங்கள் அப்பன் பாட்டன் யாருக்கும் வாய்க்கவில்லை. அன்றைக்கு நாட்டழைப்பைப் பாடாமல் விடுவதாவது! இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நாங்கள் ஒருவரும் யோசிக்கவில்லை.

மலையில் செய்தி பரவிவிட்டது. அர்த்தனாரி சும்மா இருக்கிற ஆள் இல்லை. சந்தைக்குப் போகிற வழியில் பார்த்தவனிடம் எல்லாம், எங்கள் நாட்டின் பேரை டில்லிக்காரன் கேட்கப் போகிறான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். மற்ற நாட்டுக்காரர்களுக்கும் ஆசை பிடித்துக்கொண்டது. வெள்ளியங்கிரிக் கவுண்டர் வீட்டில் ரேடியோப் பெட்டி இருந்தது. அவர் பெரிய மனது பண்ணி, அன்றைக்குப் பெட்டியைக் களத்தில் எடுத்து வைக்கிறேன், வந்து கேளுங்கள் என்றார். நாமக்கல்லுக்கு ஆள் அனுப்பி பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றி வாங்கி, இரண்டு தென்னைக்கு நடுவே கம்பியும் இழுத்துக் கட்டினார்.

திருச்சியில் எங்களைப் போட்ட அறையைப் பற்றி என்ன சொல்வது. சுவரெல்லாம் மெத்தை. தரையெல்லாம் ஜமக்காளம். மாதேஸ்வரன் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, சத்தம் கையிலேயே செத்துப் போகிறது என்றான். நடுவில் ஒரு கம்பத்தில் குண்டாக ஒன்று. அதற்கு முன்னால் சென்றாயனை உட்கார வைத்தார்கள். வாசற்படிக்கு மேலே ஒரு விளக்கு.

கண்ணாடிக்காரர் சொன்னார்: "சிவப்பு விளக்கு எரிஞ்சதும் ஆரம்பிச்சிடுங்க. எரியும்போது இருமக் கூடாது, பேசக் கூடாது. அவ்வளவுதான்."

எங்கள் வழக்கப்படி நாங்கள் மூவரும் பாட்டுக்காரனுக்கு எதிரே, அவன் முகத்தைப் பார்த்து உட்கார்ந்தோம். விளக்கு எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. சென்றாயன் விளக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தான். சட்டென்று கண்ணை மூடினான். அப்படியானால் எரிந்துவிட்டது என்று நாங்கள் புரிந்துகொண்டோம்.

அன்றைக்கு அவன் பாடியதை நான் மறக்க மாட்டேன். ஒவ்வொரு நாடாக வந்தது. வளப்பூர் நாடு வந்தது, அரியூர் நாடு வந்தது, எங்கள் குண்டூர் நாடு வந்தது, குண்டனி நாடு வந்தது. அவன் அவசரப்படவில்லை. எதற்கு அவசரப்பட வேண்டும்? ஓடைகள் பேரைச் சொல்லும்போது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இந்த ஓடையின் பேரை எவனோ ஒரு ஊரில், எந்தப் பாஷைக்காரனோ கேட்கிறான் என்று நினைத்துக்கொண்டே அடித்தேன். கடைசியில் ஆலத்தூர் நாடு வந்தது. இரண்டு பங்கும் பாடி, தான் சேர்த்த நாலு அடியையும் பாடினான். மூன்று அடிக்கு ஆறு அடியாக அடித்தேன். அதற்கு மேல் தினைப் பாட்டையும் தொடங்கி முழுக்கப் பாடி முடித்தோம்.

திரும்பிப் பார்த்தால் கண்ணாடிக்காரர் கதவருகே கைகட்டிக்கொண்டு நின்றிருந்தார். எத்தனை நேரமாக நிற்கிறாரோ தெரியவில்லை. பாட்டு முடிகிற வரைக்கும் ஒரு சத்தம் போடவில்லை. அவர் கண்கூடக் கலங்கியிருந்தது.

"நேரம் கொஞ்சம் தாண்டிடுச்சு. பரவாயில்லை. ரொம்ப நல்லா இருந்தது" என்றார். அதற்குள் அடுத்து வீணை வாசிக்கிற அம்மாள் ஒருத்தி உள்ளே வந்துவிட்டாள். எங்களுக்கு டீ வாங்கிக் கொடுக்கச் சொல்லி ஆளை அனுப்பிவிட்டு அவர் ஓடினார்.

நேரம் தாண்டியும் எங்களுக்காக ரேடியோவை நிறுத்தி வைத்திருந்தார்கள் என்று ராசப்பன் வழியெல்லாம் பெருமை பேசினான். யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காததால் கரி அடுப்பு வைத்து ஓட்டிய பஸ் அது. ஏற்றம் வந்த இடத்தில் எல்லாம் இறங்கித் தள்ளினோம். தள்ளும்போதும் ராசப்பன் வாய் ஓயவில்லை. சென்றாயன் முகத்தில் ஒரு சிரிப்பு, அது பாட்டுக்கு இருந்தது. பொன்னாயி இந்நேரம் அவன் வீட்டில் வந்து வாசல் பெருக்கியிருப்பாள் என்று அவன் நினைத்தான். கேட்டபோது சொன்னான்.

காரவள்ளியில் வெள்ளியங்கிரிக் கவுண்டர் தோட்டத்து வாசலிலேயே எங்களைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்கப்பா டில்லி மேளம்! வாங்க, உக்காருங்க. ஏன்டா இப்படிப் பண்ணிப் போட்டீங்க?"

"என்னங்க கவுண்டரே?" என்றேன்.

"பாட்டு எப்ப வரும், எப்ப வரும்னு நாங்களும் காத்துக் கெடக்கறோம். நீங்க என்னமோ ஊருப் பேரையா சொல்லிக்கிட்டே இருந்தீங்க. நல்லாத்தான் இருந்துச்சு, இல்லீன்னு சொல்லலே. ஆனா படக்குனு நின்னு போச்சே. வேற எந்தூரு மலைக்காரனோ புரியாத பாஷையில கத்த ஆரம்பிச்சுட்டான்."

ராசப்பன் சிரித்தபடியே நின்றான், அவனுக்கு இன்னும் உறைக்கவில்லை. சென்றாயன்தான் கேட்டான். "எந்த நாட்டுல நின்னுச்சுங்க?"

"அது எனக்கெப்படித் தெரியும் சாமி? உங்க பெருசுக பொட்டியப் பாத்து ஒவ்வொருத்தரா எந்திரிச்சுக் கும்புட்டாங்க. எனக்கு வந்த சிரிப்பை அடக்க முடியலே. கடைசியா ஒருத்தரு துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு, பாதி எந்திரிச்சாரு பாரு, அப்பத்தான் நின்னு போச்சு. அவரு அப்படியே நிக்கறாரு, உக்காரவும் மாட்டேங்கறாரு. அவரு மக போலிருக்கு, அந்தப் புள்ளதான் கையைப் புடிச்சு உக்கார வெச்சுச்சு."

கவுண்டர் சொன்னது அவ்வளவுதான். மீதியை என் பெண்டாட்டி கண்ணாயி பிறகு சொன்னாள், அவளும் அந்தக் களத்தில் இருந்தாள். அர்த்தனாரி முன்வரிசையில் இடம் பிடித்திருந்தாராம். பொன்னாயி தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, பூ வைத்துக்கொண்டு வந்திருந்தாள். துணிமணியை ஒரு மூட்டையாகக் கட்டிக் கையோடு கொண்டுவந்திருந்தாள், பேர் வந்ததும் அங்கிருந்தே எங்கள் ஊருக்கு ஏறிவிடலாம் என்று. ஒவ்வொரு நாடாக எழுந்து உட்கார்ந்தது. கடைசிக்கு முந்தின நாட்டுக்காரர்கள் உட்கார்ந்ததும் சபை முழுதும் ஆலத்தூர்க்காரர்களைத் திரும்பிப் பார்த்தது. அர்த்தனாரி எழுந்தார். பெட்டியில் ஒரு பெண்பிள்ளை இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். அப்புறம் யாரோ ஒருவன் ஊது கொம்பு ஊதினான். முதலில் யாரும் சிரிக்கவில்லை. வளப்பூர் நாட்டுக்காரன் ஒருத்தன்தான் ஆரம்பித்து வைத்தான், பிறகு களமே சிரித்தது.

நாங்கள் பாடாமல் விடவில்லை என்று அங்கே யாருக்குத் தெரியும்? எங்கள் பத்து நிமிஷம் முடிந்ததும் டில்லிக்காரன் கம்பியை வேறு ஊருக்குத் திருப்பிவிட்டான். விளக்கு அணைந்தது. நாங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், சென்றாயன் கண்ணை மூடியிருந்தான். மெத்தை ஒட்டிய அந்த அறையில், கைகட்டி நின்ற ஒரே ஒரு மனிதருக்கு முன்னால், ஆலத்தூர் நாட்டை இரண்டு பங்கு புகழ்ந்து கும்பிட்டிருக்கிறான். நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

மலையேறும்போது ராசப்பன் சும்மா இருக்காமல், "ஆலத்தூரை மொதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?" என்றான். நான் அவனை அடிக்கப் போய்விட்டேன். மாதேஸ்வரன்தான் நடுவில் விழுந்து தடுத்தான். சென்றாயன் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஏறிக்கொண்டிருந்தான். ஏற்றத்தில் அவன் அவ்வளவு வேகமாகப் போய் நான் பார்த்ததில்லை.

அர்த்தனாரி வீட்டில் இந்தத் தடவை களி போடவில்லை. அவர் வாசலில் குத்துக்கல் மேல் உட்கார்ந்திருந்தார். பங்காளிகளும் இருந்தார்கள்.

"மாமா, நான் பாடுனேனுங்க. பெரியசாமி சத்தியமாப் பாடுனேன். ரெண்டு பங்கும் பாடுனேன். வெளக்கை அணைச்சுப் போட்டாங்க, எங்களுக்குத் தெரியலே."

"பாடியிருப்பே" என்றார் அர்த்தனாரி.

"நம்பலீன்னா இங்கயே பாடறேன். இவங்க மூணு பேரும் இருக்காங்க. கேளுங்க."

"எங்க பேரு எங்களுக்குத் தெரியாதா? அதை எங்ககிட்டயே வந்து பாடறதுக்கு நீ எதுக்கு?"

சென்றாயன் கேட்டான்: "வரிசைய மாத்தி உங்களை மொதல்ல பாடியிருந்தா?"

"வெளக்குமாத்தால அடிச்சிருப்பேன்" என்றார் அவர். யோசிக்கவே இல்லை. "நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு மத்த நாட்டுக்காரங்க கூடப் பேசறது?"

"அப்ப என்னதான் பண்ணியிருக்கணும்கறீங்க?"

"போகாம இருந்திருக்கணும்."

அவர் சொன்னதிலும் பிழை இல்லை, இவன் செய்ததிலும் பிழை இல்லை. பிழையே செய்யாமல் ஒரு குடும்பம் இப்படி நாசமாகும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பொன்னாயி வெளியே வந்தாள். அந்த மூட்டையை அவள் இன்னும் பிரிக்கவில்லை. திறந்திருந்த கதவு வழியே அது எனக்குத் தெரிந்தது.

"பாடுனியா மாமா?" என்றாள் அவனிடம்.

"பாடுனேன் புள்ள."

"நான் நம்பறேன்."

"அப்ப வா."

அவள் அழவில்லை. "நான் நம்பி என்ன மாமா பண்ணட்டும்? அன்னைக்கு அத்தனை சனமும் எங்கப்பனைப் பாத்துச் சிரிச்சுச்சு. நான் மூட்டையோட நிக்கறேன். இப்ப நான் உன்கூட வந்தன்னா, எங்கப்பன் சொன்ன சொல்லும் போச்சுன்னு ஆயிரும். பேரும் போயி, சொல்லும் போயி, இந்த ஆளு எப்படி நாலு பேரு முன்னால உக்காருவாரு?"

"அப்ப நான்?"

"நீ பாடு" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

அவள் அதைக் கோபத்தில் சொல்லவில்லை, ஏச்சாகவும் சொல்லவில்லை. அவளைப் பொறுத்தவரை அவனுக்குப் பாட்டாவது இருக்கிறது. அதை நினைத்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் எனக்கு அவள்மேலும் கோபம் வந்தது, அந்தக் கிழவர்மேலும் வந்தது, டில்லிமேலும் வந்தது. யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் ராசப்பன்மேல் காட்டினேன்.

பரியம் திரும்பி வந்தது. தானியமும் பசுவும் கொடுத்தபடியே, ஒரு குறையும் இல்லாமல் வந்தது. சென்றாயன் பசுவை வேறு ஒருவனுக்குக் கொடுத்துவிட்டான். கொட்டிலில் அதன் சத்தம் கேட்டால் தூக்கம் வரவில்லை என்றான்.

இதோடு முடிந்திருந்தால் நானும் மறந்திருப்பேனோ என்னவோ. தை மாதம் வளப்பூர் நாட்டிலிருந்து இரண்டு பெரியவர்கள் வெற்றிலை பாக்குத் தட்டோடு சென்றாயன் வீட்டுக்கு வந்தார்கள். அங்கே குப்புசாமி என்று ஒருவனுக்குக் கல்யாணம். நிலமும் பலாத் தோப்பும் உள்ளவன். பெண் பொன்னாயி.

"ரேடியோவுல எங்க நாட்டுப் பேரை மொதல்ல சொன்ன மேளம் இது. இந்த மேளம் வந்தாத்தான் எங்களுக்கு மரியாதை" என்றார் அதில் மூத்தவர். கிண்டலுக்குச் சொல்லவில்லை. பரியம் திரும்பிய பிறகு அவள் யாரோ, அவன் யாரோ. எங்கள் வழக்கப்படி அதில் ஒரு கூச்சமும் இல்லை. வளப்பூர்க்காரர்கள் அந்த ரேடியோவிலிருந்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நடந்தார்கள்.

நாடு அனுப்பிய வெற்றிலையை மேளக்காரன் மறுக்கக் கூடாது. மறுத்தால் நாட்டையே மறுத்ததாகிவிடும். உடம்பு சரியில்லை என்று சொல், குரல் கட்டிவிட்டது என்று சொல் என்று நான் கண்ணைக் காட்டினேன். சென்றாயன் என்னைப் பார்க்கவே இல்லை. இரண்டு கையையும் நீட்டித் தட்டை வாங்கிக்கொண்டான்.

அவர்கள் போனதும் நான் கத்தினேன். "உனக்குச் சூடு சொரணை இருக்குதாடா? நான் வாரலே. வேற எவனையாவது கூட்டிக்கிட்டுப் போ."

"வேற மேளத்துக்கு நான் பாடுனதில்லியே கண்ணு" என்றான். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னான். நான் போனேன்.

வளப்பூரில் பந்தல் பெரிதாகப் போட்டிருந்தார்கள். எல்லா நாட்டுச் சனமும் வந்திருந்தது. சென்றாயன் கண்ணை மூடிக்கொண்டு நாட்டழைப்பை எடுத்தான். வளப்பூர்க்காரர்கள் எழுந்து நின்றபோது ஆரவாரம் கேட்டது. ஒவ்வொரு நாடாக வந்தது. நடுவில் அணைய அங்கே எந்த விளக்கும் இல்லை. திருச்சியில் பாடியதைவிட நன்றாகப் பாடினான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அதுதான் உண்மை.

கடைசியில் ஆலத்தூர் நாடு வந்தது. இந்தத் தடவை அவன் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பாடினான். எதையும் குறைக்கவில்லை. இரண்டு பங்கும் பாடினான், தன் நாலு அடியையும் பாடினான். நான் எனக்குள்ள மூன்று அடியை அடித்தேன். அர்த்தனாரி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்து நின்று இரண்டு கையையும் கூப்பினார். அவன் கடைசிச் சொல்லைச் சொல்லி முடிக்கிற வரைக்கும் நின்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார்.

அப்புறம் தாலி கட்ட மேளம் கேட்டார்கள். நாங்கள் நாலு பேரும் வாசித்தோம்.